பிழைகள் பிழைப்பது எப்படி?

சென்னையில் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து மணலோடு வடக்கே நடந்தால், அடையாறு கடலில் கலக்கும் இடத்தருகே பாதிப் பாலம் ஒன்று நிற்கிறது. கரையில் தொடங்கி, நீருக்கு மேலே சட்டென்று முடிந்துவிடும். சாந்தோம் பக்கமும் எலியட்ஸ் கடற்கரைப் பக்கமும் மீனவர்கள் போய்வரக் கட்டிய பாலம் அது. 1977-இல் நீரோட்டத்தின் வேகத்தில் ஒரு பகுதி இடிந்தது. அதன்பிறகு யாரும் அதை எடுத்துக் கட்டவில்லை. முழுசாக இருந்திருந்தால் அது ஊரில் உள்ள பத்துப் பாலங்களோடு பதினொன்று. உடைந்ததால் 'புரோக்கன் பிரிட்ஜ்' என்று பெயர் வந்தது, சினிமா கேமராக்கள் வந்தன, கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வந்தார்கள்.

பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கரையேற்றிய ஃபைபர் படகின் நிழலில் ஒரு பையன் செல்போனில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு துப்பாக்கி. பெயின்ட் உரிந்து, தொலைநோக்கிக் குழாய் கன்னங்கரேலென்று இருந்தது.

"பழசா?" என்றேன்.

"பழசு இல்லண்ணா, தேஞ்சது. அரைகுறையா தேஞ்சா ரேட்டு இல்ல. இந்த மாரி சுத்தமா தேஞ்சாத்தான் ரேட்டு."

அவன் சொன்னது சரிதான். ஏன் சரி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிறக்கும்போதே தேய்ந்த துப்பாக்கி

பையன் பார்த்தது 'கவுன்டர் ஸ்ட்ரைக்' என்ற கணினி விளையாட்டின் துப்பாக்கி. அந்த விளையாட்டில் 2013 ஆகஸ்டில் 'ஸ்கின்' என்ற ஆயுத வண்ணங்கள் வந்தன. பெட்டியைத் திறந்தால் ஒரு ஸ்கின் விழும். அந்த நொடியிலேயே அதற்கு 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு தசம எண் ஒட்டிக்கொள்ளும். ஆட்டக்காரர்கள் அதை 'ஃப்ளோட்' என்கிறார்கள். 0.07-க்குக் கீழே இருந்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த புதுசு. 0.45-ஐத் தாண்டினால் போரில் அடிபட்டது. அந்த எண் அப்புறம் மாறவே மாறாது. ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் புதுசு புதுசுதான். ஒரு குண்டுகூடச் சுடாவிட்டாலும் தேய்ந்தது தேய்ந்ததுதான். பயன்படுத்தித் தேய்ந்த தேய்மானம் இல்லை அது. சாதகம் மாதிரி, பிறக்கும்போதே எழுதிவிடுகிறார்கள்.

கணினி அந்த எண்ணைப் படமாக மாற்றும் விதம் எளிமையானது. துப்பாக்கியின் எந்த இடம் முதலில் உரியும், எது கடைசியில் உரியும் என்று ஒரு வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. எண் ஏற ஏற, வரைபடத்தில் உள்ள இடங்கள் ஒவ்வொன்றாக வண்ணத்தை இழந்து அடியில் உள்ள கறுப்பைக் காட்டும். 'அசிமோவ்' என்ற வெள்ளை, ஆரஞ்சு ஸ்கின்னில் எண் 0.95-ஐ ஒட்டி ஏறும்போது, தொலைநோக்கிக் குழாயில் மிச்சமிருந்த வண்ணமும் போய் முழுக்கக் கறுப்பாகிறது. அதற்கு 'பிளாக்கிமோவ்' என்று தனிப்பெயரே உண்டு. அதே தரத்தில் உள்ள மற்றவற்றைவிட இதற்கு விலை கூடுதல்.

'கேஸ் ஹார்டன்ட்' என்ற ஸ்கின்னின் கதை இன்னும் வேடிக்கை. எஃகைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கி, தண்ணீரில் அமிழ்த்தினால் மேல்தோலில் நீலமும் மஞ்சளும் ஊதாவும் திட்டுத்திட்டாகப் படியும். பழைய துப்பாக்கிப் பட்டறைகளின் வித்தை அது. விளையாட்டில் அந்த நிறக் குழம்பு பெரிய படமாக இருக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் விழும் இன்னொரு எண், அந்தப் படத்தை எந்தப் பக்கம் நகர்த்தி ஒட்டுவது என்று தீர்மானிக்கிறது. ஏகே-47-இல் 661 என்ற எண் விழுந்தால் மேற்புறம் ஏறத்தாழ முழுக்க நீலமாகிவிடும். வரைந்தவர்கள் அப்படித் திட்டமிட்டதில்லை, துணியை வெட்டியபோது பூ சரியாக விழுந்த மாதிரிதான். அப்படிப்பட்ட ஒன்று, அரிய ஸ்டிக்கர்களோடு சேர்த்து, 2024-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் கைமாறியதாகச் செய்தி வந்தது.

கரையோரத்தில் வந்த உரு

இதுவரை பார்த்தவை தற்செயல்கள். அசல் கோளாறுக்கு 1998-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'போக்கிமான் ரெட்', 'புளூ' விளையாட்டுகளுக்குப் போகவேண்டும். அது நடந்ததும் ஒரு கடற்கரையில்தான்.

ஒரு ஊரில் கிழவர் ஒருவர் போக்கிமான் பிடிப்பது எப்படி என்று ஆடிக்காட்டுவார். அந்தச் சில நொடிகளுக்குத் திரையில் அவர் பெயர் வரவேண்டும். ஆகவே விளையாடுபவரின் பெயரைத் தூக்கி ஓரமாக வைக்கவேண்டும். அந்த விளையாட்டு ஓடிய 'கேம் பாய்' கருவியில் நினைவக இடம் ரொம்பக் குறைவு. நிரல் எழுதியவர்கள், காட்டு விலங்குகளின் பட்டியல் இருக்கும் மூலையில் பெயரைத் தற்காலிகமாக வைத்தார்கள். வேறு பகுதிக்குப் போனால் புதுப் பட்டியல் வந்து அதை அழித்துவிடும், ஆகவே ஆபத்தில்லை என்று நினைத்தார்கள்.

சின்னபார் தீவின் கிழக்குக் கரையோரம் மட்டும் விதிவிலக்கு. அங்கே நிலமும் நீரும் சேரும் கட்டங்களுக்குச் சொந்தப் பட்டியல் கிடையாது. கிழவரைப் பார்த்துவிட்டு நேராகப் பறந்து வந்து அந்தக் கரையோரம் நீந்தினால், விளையாட்டு ஓரமாக வைத்த பெயரின் எழுத்துகளையே விலங்குகளின் எண்களாகப் படித்துவிடும். அப்படியொரு எண்ணுக்கு விலங்கே இல்லாதபோது, கலைந்த புள்ளிகளால் ஆன உரு ஒன்று எதிரில் வரும். பெயர் 'மிஸ்ஸிங்நோ'. அதாவது, எண் இல்லாதது.

அதைப் பார்த்தவுடன் இன்னொன்றும் நடக்கும். 'இதைப் பார்த்தாயிற்று' என்று குறிக்கும் ஒரு பிட், பையில் ஆறாவதாக உள்ள பொருளின் எண்ணிக்கை இருக்கும் இடத்தில் போய் விழும். எட்டு பிட் எண்ணில் மேல் பிட்டின் மதிப்பு 128. ஆகவே ஒரே ஒரு பொருள் இருந்த இடத்தில் 129 ஆகிவிடும். இணையம் பரவாத காலத்தில் பள்ளிக்கூட மைதானங்களில் வாய்வழியாகப் பரவிய ரகசியம் அது. இன்று வளர்ந்துவிட்ட ரசிகர்கள் அந்தச் சிதைந்த உருவைச் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். சரியாக வரைந்த 151 விலங்குகளோடு, யாருமே வரையாத ஒன்றும் நிலைத்துவிட்டது.

சாயம் போவது உத்தரவாதம்

இந்த ரசனை கணினியோடு பிறந்ததல்ல. 1854-இல் இந்தியாவில் அச்சான நாலணாத் தபால்தலை இரண்டு நிறம் கொண்டது: சிவப்புச் சட்டம், உள்ளே நீலத்தில் விக்டோரியா ராணியின் தலை. ஆகவே தாள் இரண்டுமுறை அச்சுக்குப் போகவேண்டும். ஒருமுறை தலைகீழாகப் போய்விட்டால் ராணி சிரசாசனம் செய்வார். அப்படித் தப்பியவற்றில் உலகில் இப்போது தெரிந்தவை சுமார் முப்பதுதான். தபால்தலை சேகரிப்போர் கனவு காண்பது சரியாக அச்சானதை அல்ல, இதைத்தான்.

நம் ஊரின் பெயரிலேயே ஒரு சாட்சி உண்டு. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் மதராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணியை வாங்கிப்போனார். விற்றவர் கேப்டன் கிருஷ்ணன், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவியவர். பச்சைத் தண்ணீரில் பதமாகத் துவைக்கச் சொல்லுங்கள் என்று அவர் எச்சரித்ததாகவும், அந்த எச்சரிக்கை ஜேக்கப்சனிடம் துணி வாங்கிய 'புரூக்ஸ் பிரதர்ஸ்' கடைக்குப் போய்ச்சேரவில்லை என்றும் கதை. துவைத்ததும் சாயம் போனது. இயற்கைச் சாயம் பருத்தி நூலில் தானாக ஒட்டாது. படிகாரம் போன்ற உப்பு ஒன்று இரண்டையும் பிணைக்கவேண்டும். பிணைப்பு தளர்வாக இருந்தால் வெந்நீரில் நிறம் கழன்றுவரும். வழக்கு வரை போகப்பார்த்த விவகாரத்தை ஒரு விளம்பர உத்தி திருப்பிப்போட்டது: சாயம் போவதுதான் இதன் சிறப்பு, ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம்! 'பிளீடிங் மெட்ராஸ்' அமெரிக்கக் கல்லூரிகளில் மோஸ்தரானது.

எல்லாருக்கும் கிடைத்தால்?

கோளாறு என்றாலே காசு என்று நினைத்துவிடக்கூடாது. 2019 ஜூலை 25 அன்று 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' விளையாட்டின் சில பெட்டிகளில் ஒரு பிழை நுழைந்தது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் விழவேண்டிய அரிய தொப்பி, திறந்த ஒவ்வொரு பெட்டியிலும் விழுந்தது. ஆட்டக்காரர்கள் வாரிக் குவித்தார்கள். சந்தையில் விலை சரிந்தது. நிறுவனம் அந்தத் தொப்பிகளின் விற்பனையை முடக்கியது. பிறகு ஆளுக்கு முதலில் கிடைத்த ஒன்றை மட்டும் விற்க விட்டது.

தலைகீழ் ராணிக்கும் இந்தத் தொப்பிக்கும் உள்ள வித்தியாசம் எண்ணிக்கை. பிழை நடந்து, கதவு உடனே மூடியிருக்கவேண்டும். தலைகீழ் ராணிகள் பெருகாததால்தான் அவற்றுக்கு மதிப்பு.

எண்ணிக்கையைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. கறுத்துத் தேய்ந்த துப்பாக்கி, புதுசு சுடும் அதே வேகத்தில்தான் சுடுகிறது. தலைகீழ் ராணியை ஒட்டிய கடிதமும் போய்ச்சேர்ந்தது. சாயம் போன சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். இவற்றில் எதிலுமே கோளாறு வேலையைக் கெடுக்கவில்லை. தோலில் மட்டும் தழும்பாக நின்றது. கை நடுங்கிய நொடியை, நினைவகம் போதாத நெருக்கடியைக் காட்டும் தழும்பு. பொருள் எப்படி உண்டானது என்பதைச் சரியான பிரதி மறைக்கிறது, பிழையான பிரதி உளறிவிடுகிறது. அந்த உளறலுக்குத்தான் சேகரிப்பாளர் காசு கொடுக்கிறார்.

பாலத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதன் வேலை அக்கரை சேர்ப்பது. அதைத்தான் அது விட்டுவிட்டது. கடக்கவேண்டிய தேவை இல்லாதவர்களுக்குத்தான் அது படம்.

பையனுக்குப் பக்கத்தில் அவன் அப்பா நைலான் வலையை மடியில் போட்டு, அறுந்த கண்ணிகளை ஊசியால் கோத்துக்கொண்டிருந்தார். தேய்ந்த துப்பாக்கியின் விலையை மகன் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார்.

"கிழிஞ்ச வலைக்கும் ஆள் இருந்தா சொல்லுப்பா" என்றார். ஊசி நிற்கவில்லை.