டிராக்டருக்கு கிரீஸ் அடிப்பதில் கவனம் தேவை

மேல்மலையனூர், செஞ்சி வட்டாரங்களில் ஏரியிலும் கிணற்றிலும் நீர் இருக்கும் பட்டத்தில் சேடை ஓட்டும் வேலை ஒரே சமயத்தில் வந்து விழுகிறது. மல்லாட்டை விதைக்கும் பட்டத்திலோ செம்மண் புழுதியில் உழவு. சேறு, புழுதி இரண்டுமே டிராக்டரின் அசையும் மூட்டுகளுக்குப் பகை. பழைய டிராக்டர் ஒன்றைக் கடனில் வாங்கி, சொந்த உழவு போக வாடகைக்கும் விடும் சிறு விவசாயிக்கு, பட்டத்தின் நடுவே வண்டி நின்று விட்டால் செலவும் நஷ்டம், வரவும் நஷ்டம். எஞ்சின் ஆயிலை மறக்காமல் மாற்றுகிறவர்கள்கூட முன் அச்சின் நிப்பிள்களைப் பல நாட்கள் தொடுவதில்லை.

கிரீஸ் என்பது சோப்பில் ஊறி நிற்கும் எண்ணெய்தான். மூட்டு அசையும்போது எண்ணெய் கசிந்து பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே படலமாக நிற்கிறது. அதோடு ஓரங்களை அடைத்து, நீரும் மண்ணும் உள்ளே போகாமல் தடுக்கிறது. இப்படலம் இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி, புஷ் தேய்ந்து, ஸ்டீயரிங்கில் ஆட்டம் காணும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் சாலையில் போகும்போது இந்த ஆட்டம் உயிருக்கே ஆபத்து.

கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் வண்டிக்கு வண்டி சிறிது மாறும். முன் அச்சின் நடுவிலுள்ள சென்டர் பின், இரு பக்கத்துக் கிங் பின்கள், ஸ்டீயரிங் இணைப்புகள், கிளட்ச், பிரேக் மிதிகளின் தண்டுகள், பின்புறத் தூக்கு கையின் லெவலிங் பெட்டி ஆகியவை பெரும்பாலும் இருக்கும். ரோட்டாவேட்டர் ஓட்டுபவர்கள் பி.டி.ஓ. தண்டின் இரு சிலுவை மூட்டுகளையும் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் குழாயையும் மறக்கக் கூடாது. வண்டியுடன் வந்த கையேட்டில் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று போட்டிருக்கும். புத்தகம் இல்லாவிட்டால் பத்து மணி நேர வேலைக்கு ஒரு முறை என்று வைத்துக் கொள்ளலாம். சேடை ஓட்டும் நாட்களில் தினமும் தேவை.

பலர் காலையில் வண்டி எடுக்கும்போது கிரீஸ் அடிக்கிறார்கள். சேற்று வேலை நாட்களில் மாலையில் அடிப்பதே மேல். வண்டியைக் கழுவியவுடன் அடித்தால், மூட்டில் புகுந்த நீரைப் புது கிரீஸ் வெளியே தள்ளிவிடும். காலை வரை விட்டால் இரவெல்லாம் துரு பிடிக்கும்.

முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். சுழலும் பி.டி.ஓ. தண்டின் அருகே வேட்டி, துண்டுடன் போகவே கூடாது. நிப்பிளைத் துணியால் துடைத்த பின்பே கிரீஸ் கன்னைப் பொருத்த வேண்டும். துடைக்காவிட்டால் நாமே மண்ணை உள்ளே தள்ளுகிறோம். பழைய கறுப்புக் கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி, புதியது தலை காட்டும் வரை அடிக்கவும். சென்டர் பின்னுக்கு அடிக்கும்போது பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கு கொடுத்தால், பாரம் அழுத்தும் பக்கத்திலும் கிரீஸ் இறங்கும். பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். அதில் செம்மண் ஒட்டினால் உப்புக் காகிதம் போல் தேய்க்கும்.

நிப்பிளுக்குள் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் செர்க் 1929-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. குண்டு சிக்கிக் கொண்டால் கிரீஸ் ஏறாது. சுத்தியலால் தட்டுவது வீண். கழற்றி டீசலில் கழுவவும், சரியாகாவிட்டால் புதிது போடவும், விலை அற்பம். புது நிப்பிளிலும் ஏறவில்லை என்றால் உள்வழியில் பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது என்று பொருள். மெக்கானிக்கைக் கொண்டு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கடையில் நிறம் பார்த்து கிரீஸ் வாங்குவது தவறு. நிறம் சாயத்தால் வருவது. இரண்டாம் எண் லித்தியம் கிரீஸ் நீரையும் சூட்டையும் தாங்கும்; பெரும்பாலான மூட்டுகளுக்கு இது பொருந்தும். சுண்ணாம்புச் சோப்புக் கிரீஸ் நீரைத் தாங்கினாலும் சூட்டில் இளகிவிடும். சோடாச் சோப்புக் கிரீஸ் நீரில் கரையும், சேற்று வேலைக்கு உதவாது. வகைகளைக் கலந்தால் சில சமயம் இளகி வழிந்து போகும்.

அதிகம் அடித்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். கிளட்ச் பேரிங்குக்கு நிப்பிள் உள்ள வண்டிகளில் அளவு மீறினால் கிளட்ச் தட்டில் கிரீஸ் பட்டு வழுக்கும். முன்சக்கர ஹப் பேரிங்குகளைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் திணிப்பது மெக்கானிக்கின் வேலை. சேடைப் பட்டம் முடிந்ததும் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். ஆட்டம் இருந்தாலோ, சீல் ஓரம் நீர் கலந்து வெளுத்த கிரீஸ் கசிந்தாலோ உடனே பிரிக்க வேண்டும்.

ஓட்டுநர் ஒருவர், உரிமையாளர் ஒருவர் என்றால், எந்தத் தேதியில், மீட்டரில் எத்தனை மணியில் கிரீஸ் அடித்தது என்று ஒரு சிறு நோட்டில் எழுதி வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.