உங்களுக்குத் தெரியுமா? ரொட்டியைப் பிய்த்துத் தந்தால்தான் சமையல்!

சீனாவின் ஷான்சி மாகாணத் தலைநகர் சியான். அங்கே புகழ்பெற்ற ‘யாங்ரோ பாவ்மோ’ என்ற ஆட்டிறைச்சி உணவு விற்கும் கடைக்குப் போனால் முதலில் வருவது வெறுங்கிண்ணமும், கெட்டியான வட்ட ரொட்டியும்தான். சாப்பிட வந்தவரே அதைச் சோயா பயறு அளவுக்குப் பொடிப்பொடியாகப் பிய்த்துப் போட வேண்டும்.

● பிய்த்த கிண்ணம் சமையலறைக்குத் திரும்பும். மாறிவிடாமலிருக்க எண் வில்லையும் உண்டு. துண்டுகளின் அளவைப் பார்த்தே சமையல்காரர் சாற்றின் அளவை முடிவுசெய்வார்.

● எலும்போடு பல மணி நேரம் கொதித்த ஆட்டிறைச்சிச் சாறுதான் இதன் உயிர். அதில் ரொட்டி, இறைச்சித் துண்டுகள், கண்ணாடி சேமியா, கருங்காளான் எல்லாம் சேர்ந்து ஒரு கொதி வரும். ரொட்டி அரைகுறையாகவே புளித்த மாவில் சுட்டது; அதனால் சாற்றில் ஊறினாலும் குழையாது.

● எப்படி வேண்டும் என்று முன்பே சொல்லலாம்: சாறு முழுக்க வற்றியது, கடைசியில் ஒரு வாய்ச் சாறு மிஞ்சுவது, ரொட்டியைச் சுற்றிச் சாறு நிற்பது, ரொட்டியும் சாறும் தனித்தனியாக வருவது.

● தொட்டுக்கொள்ள மிளகாய் விழுதும் இனிப்புப் பூண்டு ஊறுகாயும். கிளறாமல் ஓரத்திலிருந்து சாப்பிடுவதே அங்கு வழக்கம்.

● ஹுய் இன முஸ்லிம்களின் கைப்பக்குவத்தில் வளர்ந்த உணவு இது. மாட்டிறைச்சியிலும் செய்கிறார்கள். 1920இல் தொடங்கிய ‘தோங்ஷெங்சியாங்’ உணவகத்தின் செய்முறை, 2008இல் சீனாவின் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் இடம்பிடித்தது.