லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?



உங்கள் வீட்டில் ஒரு நேரச் சோற்றுக்கு எத்தனை சுண்டு அரிசி போட வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். ஒரு கிலோ சீனி எத்தனை நாளைக்கு வரும், கேஸ் சிலிண்டர் எத்தனை கிழமைக்குப் போதும் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடம். ஆனால், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் ஒரு லீற்றர் பெற்றோலில் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது?

இந்தக் கேள்வியை வீட்டில் கேட்டுப் பாருங்கள். கணவர் ஐம்பது என்பார். மகன் அறுபது என்பார். விற்றவர் எழுபது என்று சொன்னதாக மாமா சொல்வார். மூவரில் ஒருவர்கூட அளந்து பார்த்திருக்க மாட்டார்! மாதச் சம்பளத்தில் பெரிய பங்கொன்றைக் குடிக்கும் பொருளுக்கு மட்டும் நம் வீடுகளில் கணக்கில்லை. இது சரிதானா? சிந்தித்துப் பாருங்கள்.

வரிசை கற்பித்த பாடம்

2022 ஆம் ஆண்டை நாம் மறக்க முடியாது. அவ்வருடம் ஜனவரியில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாயானது. விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. பெற்றோல் செட்டுகளின் முன்னால் இரவு பகலாக வரிசை நின்றது. அந்த வரிசைகளில் நின்றபடியே உயிரை விட்டவர்களும் உண்டு.

பிறகு கியூஆர் முறை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கு வைத்தார்கள். 2023 செப்டம்பரில்தான் அந்த முறை நீக்கப்பட்டது.

4 லீற்றர் என்பது எவ்வளவு தூரம்? லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 200 கிலோமீற்றர். 38 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 152 கிலோமீற்றர்தான். பிள்ளையின் பாடசாலை, வாப்பாவின் வேலை, உம்மாவின் கிளினிக் எல்லாமே இந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். தங்கள் வண்டியின் அளவைத் தெரிந்திருந்தவர்கள் கிழமையின் முதல் நாளிலேயே பயணங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தெரியாதவர்கள் கிழமையின் நடுவில் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு நடந்தார்கள்.

பந்தயக் காருக்கும் கணக்குண்டு

“கணக்குப் பார்ப்பது சில்லறைக் காரியம்” என்று உங்கள் மகன் சிரிக்கக்கூடும். அவனுடைய அறைச் சுவரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் படமும் ஒட்டியிருக்கக்கூடும். அந்தக் காரை வைத்தே அவனுக்குப் பதில் சொல்லலாம்.

பிரான்சில் தயாரான புகாட்டி வேய்ரோன் என்ற கார் 2005 இல் வெளிவந்தது. மணிக்கு 400 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் ஓடக்கூடியது. அதன் தாங்கி 100 லீற்றர் கொள்ளும். உச்ச வேகத்தில் ஓட்டினால் அந்த 100 லீற்றரும் சுமார் 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும்! அதற்குள் அது கடக்கும் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். அதாவது லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. அதே காரை நிதானமாக ஓட்டினால் லீற்றருக்குப் பல கிலோமீற்றர் ஓடும். காரணம் காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. இந்த விதி புகாட்டிக்கும் ஒன்றுதான், உங்கள் மகனின் மோட்டார் சைக்கிளுக்கும் ஒன்றுதான்.

போர்முலா வன் பந்தயத்தில் பெற்றோலுக்குக் கட்டுப்பாடு இருந்து வந்திருக்கிறது. 1986 இல் ஒரு பந்தயம் முழுவதற்கும் ஒரு காருக்கு 195 லீற்றர்தான். அவ்வருடம் ஜெர்மனியில் நடந்த பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அலன் ப்ரோஸ்ட் என்ற பிரெஞ்சு வீரரின் காரில் பெற்றோல் தீர்ந்துபோனது. உலகப் புகழ்பெற்ற அந்த வீரர் இறங்கிக் காரைக் கையால் தள்ளினார்! அதே வருடம் அவுஸ்திரேலியாவில் நடந்த இறுதிப் பந்தயத்தில், பெற்றோல் போதாது என்று காரின் கணினி அவருக்குக் காட்டியது. அவர் தொடர்ந்து ஓட்டி வென்றார், அவ்வருட உலகச் சம்பியனும் ஆனார். கணினி காட்டிய கணக்குத்தான் பிழை.

2014 முதல் பெற்றோலை நிறுத்துக் கொடுக்கும் விதி வந்தது. ஒரு பந்தயத்துக்கு 100 கிலோகிராம் என்று ஆரம்பித்தார்கள். சூட்டில் பெற்றோல் விரிவதால் லீற்றர் மாறும், நிறை மாறாது. எஞ்சினுக்குள் பெற்றோல் பாயும் வேகத்துக்கும் எல்லை வைத்தார்கள். அவ்வருட முதல் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த டேனியல் ரிச்சியார்டோ, அந்த எல்லை மீறப்பட்டதால் தகுதி நீக்கப்பட்டார். வேகத்துக்கென்றே பிறந்த கார்களுக்கே இந்தக் கணக்கு என்றால், நமக்கு எவ்வளவு வேண்டும்?

அளப்பது எப்படி?

இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

முதலில் தாங்கியை நிறைய நிரப்பச் சொல்லுங்கள். பம்பு தானாக ‘டக்’ என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும். வண்டியின் மீற்றரில் உள்ள மொத்தக் கிலோமீற்றரைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு வழக்கம்போல ஓடட்டும். அடுத்த முறை அதே செட்டில், அதே விதமாக நிரப்புங்கள். இப்போது எத்தனை லீற்றர் பிடித்தது, மீற்றர் எத்தனை காட்டுகிறது என்ற இரண்டையும் எழுதுங்கள். இடையில் ஓடிய தூரத்தை, பிடித்த லீற்றரால் பிரித்தால் விடை வந்துவிடும். 180 கிலோமீற்றர் ஓடி 4 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 45.

ஒரு முறை அளந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். நிரப்பும்போது 200 மில்லிலீற்றர் கூடக் குறையப் போகலாம். 4 லீற்றரில் அது நூற்றுக்கு 5 பங்குப் பிழை. மூன்று முறை நிரப்பி 12 லீற்றருக்குச் சேர்த்துக் கணக்கிட்டால், அதே பிழை நூற்றுக்கு 2 பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

புதிய கார்களில் லீற்றருக்கு எத்தனை என்று ஒரு திரை காட்டும். ப்ரோஸ்ட்டின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பாருங்கள், ஆனால் கொப்பியை நம்புங்கள்.

கவனிக்க வேண்டிய நான்கு

ஒன்று: ரூபாயை எழுதாதீர்கள், லீற்றரை எழுதுங்கள். “ஆயிரத்துக்கு அடியுங்கள்” என்பது நம் பழக்கம். 177 ரூபாய் விலையில் ஆயிரத்துக்கு ஐந்தரை லீற்றருக்கு மேல் கிடைத்தது. 470 ரூபாய் விலையில் இரண்டு லீற்றரும் கொஞ்சமும்தான். ஆயிரம் ரூபாய் ஒன்றுதான், பயணம் ஒன்றல்ல.

இரண்டு: விடைகளைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு முறை 2 லீற்றரில் 110 கிலோமீற்றர், இன்னொரு முறை 6 லீற்றரில் 240 கிலோமீற்றர் ஓடியது என்று வையுங்கள். 55 ஐயும் 40 ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 47.5 வரும். அது பிழை. மொத்தத் தூரம் 350, மொத்த லீற்றர் 8. சரியான விடை 43.75.

மூன்று: மீற்றரையும் சோதியுங்கள். கல்முனை வீதியில் கிலோமீற்றர் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. பத்துக் கிலோமீற்றர் தூரம் கல்லுக்குக் கல் பார்த்து ஓடுங்கள். மீற்றர் பத்தரை காட்டினால், உங்கள் கணக்கு முழுவதும் நூற்றுக்கு 5 பங்கு ஊதிப்போயிருக்கிறது.

நான்கு: போக்கையும் வரவையும் சேர்த்து அளவுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் போகும் வண்டி அதிகம் குடிக்கும், திரும்பி வரும்போது குறையும்.

அமிர்தகழியில் ஒரு கொப்பி

மட்டக்களப்பு நகரை அடுத்த அமிர்தகழியில், ஓட்டோ ஓட்டும் ஒரு சகோதரரின் வீட்டில் இப்படியொரு கொப்பியைப் பார்த்தேன். பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பிதான். 2022 இல் அதை எழுதியவர் அவருடைய மனைவி.

கிழமைக்கு 5 லீற்றர் பங்கில் தாங்கியை நிறைக்க முடியாதே, எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். அந்தச் சகோதரி சொன்ன வழி எளிமையானது. வண்டி ஓடி ஓடி ரிசேவுக்கு விழும் இடத்தில் மீற்றரைக் குறித்துக்கொள்வது. பங்குப் பெற்றோல் 5 லீற்றரை அடித்ததும் ரிசேவைத் திருப்பி வைத்துவிட்டு ஓடுவது. மறுபடி ரிசேவுக்கு விழும்போது மீற்றரைப் பார்ப்பது. இடையில் ஓடியது 5 லீற்றரின் தூரம். நிறைந்த தாங்கிக்குப் பதிலாக, தீர்ந்த தாங்கியை அளவுகோலாக வைத்திருக்கிறார்!

கொப்பியில் 125, 126, 124 என்று கிழமைகள் போயின. பிறகு ஒரு கிழமை 104 என்று எழுதியிருந்தது. ஓட்டத்தில் மாற்றமில்லை, பாரத்திலும் மாற்றமில்லை. கணவர் பெற்றோலைக் குறை சொன்னார். மனைவியோ, “செட் மாறல்ல, வண்டிதான் மாறியிருக்கு, கராஜில காட்டுங்க” என்றார். பார்த்தால் பின் சில்லு ஒன்றில் பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. சில்லு சுடும் அளவுக்குச் சூடேறியிருந்தது. அதைச் சரிசெய்த அடுத்த கிழமை மீண்டும் 125 என்று எழுதப்பட்டது.

குறைந்துபோன அந்த 21 கிலோமீற்றர் முக்கால் லீற்றருக்கும் அதிகமான பெற்றோல். அன்றைய 450 ரூபாய் விலைக்கு, கிழமைக்கு முந்நூற்றைம்பது ரூபாய்க்கு மேல். பணத்தை விடுங்கள். பிடித்த பிரேக்கோடு ஆட்களை ஏற்றி ஓடும் வண்டி எங்கே போய் நின்றிருக்கும்? கொப்பியில் விழுந்த ஒரு எண் அல்லவா அதைக் காட்டிக்கொடுத்தது!

டயரில் காற்றுக் குறைவு, அடைத்துப்போன காற்று வடிகட்டி, காய்ந்துபோன செயின், எங்கோ ஒரு கசிவு, எல்லாமே முதலில் இந்த எண்ணில்தான் தெரியும். சத்தம் வருவதற்கு முன்னால் கணக்குப் பேசிவிடும்.

எந்த வண்டியை முதலில் பார்ப்பது?

சில வீடுகளில் வியாபாரத்துக்கு ஒரு வேனும் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் இருக்கும். வேன் லீற்றருக்கு 10 இலிருந்து 12 ஆகத் தேறியது, மோட்டார் சைக்கிள் 40 இலிருந்து 50 ஆகத் தேறியது என்று வையுங்கள். எதில் இலாபம் அதிகம்? எல்லோரும் மோட்டார் சைக்கிளைத்தான் சொல்வார்கள். ஆயிரம் கிலோமீற்றருக்குக் கணக்கிடுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 25 லீற்றர் 20 ஆகிறது, மிச்சம் 5. வேனுக்கு 100 லீற்றர் 83 ஆகிறது, மிச்சம் 17! ஐரோப்பாவில் பல நாடுகளில் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று திருப்பிக் கணக்கிடுகிறார்கள். அதிகம் குடிப்பது எதுவோ அதை முதலில் கராஜுக்கு அனுப்புங்கள்.

சகோதரிகளே! அளந்து செலவழிப்பது கஞ்சத்தனமல்ல. வீண்விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில் நிற்பதையே நம் மார்க்கம் விரும்புகிறது. அந்த நடு எங்கே இருக்கிறது என்பதை அளக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சுண்டு இருப்பதுபோல, வண்டிச் சாவி தொங்கும் ஆணியில் ஒரு சின்னக் கொப்பியையும் தொங்கவிடுங்கள். நிரப்பும் நாளில் திகதி, மீற்றர், லீற்றர் என்ற மூன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மகன் ஓட்டும் கிழமையையும் வாப்பா ஓட்டும் கிழமையையும் தனித்தனியே குறியுங்கள். யார் நிதானமாக ஓட்டுகிறார் என்று நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை, கொப்பி சொல்லிவிடும். அடுத்த முறை நிரப்பும்போதே ஆரம்பியுங்கள்!