படர்தாமரையும் கடற்பஞ்சும்

வகுப்பில் ஒரு குழந்தை ஓயாமல் இடுப்பைச் சொறிந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் மெல்லத் தள்ளி உட்காருகிறார்கள். இரண்டு நாள் கழித்து அந்தக் குழந்தை பள்ளிக்கு வருவதில்லை. திருப்பூர்ப் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றும் நம்மில் பலர் இதைப் பார்த்திருப்போம். பெற்றோரிடம் கேட்டால், “படை வந்திருக்குதுங்க டீச்சர். மருந்துக்கடைல ட்யூப் வாங்கித்தான் போடறோம். போட்டா நிக்குது, உட்டா மறுக்காவும் வருது” என்பார்கள்.

ஏன் மறுக்காவும் வருகிறது? புதிய மருந்தைத் தேடி அறிவியலாளர்கள் ஏன் கடலுக்குள் இறங்குகிறார்கள்? இரண்டு கேள்விகளுக்கும் தொடர்பு உண்டு.

பூஞ்சைக்குப் பிடித்த இடம்

படர்தாமரை பூஞ்சையால் வருவது. தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதமே இந்தப் பூஞ்சைக்கு உணவு. விழுந்த இடத்திலிருந்து வெளிப்புறமாக வளர்வதால் விளிம்பு சிவந்தும் நடுப்பகுதி தெளிந்தும் வட்டமாகத் தெரிகிறது.

வெப்பமும் ஈரமும் அதற்கு வசதி. பனியன் கம்பெனியின் இஸ்திரி மேசை அருகே நாள் முழுவதும் நின்று வியர்த்து வரும் பெற்றோர், ஒரே அறையில் தங்கும் குடும்பம், எல்லோருக்கும் ஒரே துண்டு, அறைக்குள்ளேயே கொடியில் அரைகுறையாகக் காயும் துணி என ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் பரவ இவை போதும். குழந்தை சுத்தமாக இல்லை என்று பழிப்பதில் பொருளில்லை.

மருந்து ஏன் தோற்கிறது?

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையிடம் பலிக்காது. பாக்டீரியாவின் செல் அமைப்பு நம்முடையதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. அதை மட்டும் தாக்குவது எளிது. பூஞ்சையோ, தாவரங்களைவிட விலங்குகளுக்கு நெருங்கிய உறவு. நம் செல்லைப் போலவே அதன் செல்லிலும் உட்கரு உண்டு. நம்மைக் காயப்படுத்தாமல் பூஞ்சையை மட்டும் கொல்ல வேண்டுமானால், அதனிடம் மட்டுமே உள்ள ஏதாவதொன்றைக் குறிவைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட குறிகளில் முக்கியமானது எர்கோஸ்டீரால். நம் செல் சவ்வில் கொலஸ்டிரால் இருப்பதுபோல் பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டீரால் இருக்கிறது. படர்தாமரைக்கு மருத்துவர்கள் அதிகம் தரும் டெர்பினஃபின், இட்ராகோனசோல் ஆகிய இரண்டுமே அது உருவாவதைத் தடுப்பவை.

இப்போது சிக்கல் இங்கேதான். டெர்பினஃபின் பிடிக்க வேண்டிய நொதியின் மரபணுவில் சிறு மாற்றம் ஏற்பட்ட பூஞ்சைகள் அந்த மருந்துக்கு அடங்குவதில்லை. இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த அத்தகைய பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோபைட்டன் இண்டோடினியே எனப் பெயரிட்டனர். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது.

இரண்டாவது காரணம், நாமே வாங்கிப் பூசும் ட்யூப். கடைகளில் கிடைக்கும் பல கலவைக் களிம்புகளில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் உண்டு. இவை அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். வெளியே ஆறியதுபோல் தோன்ற, பூஞ்சை தடையில்லாமல் பரவும். நாளடைவில் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும். இந்த ஸ்டீராய்டு களிம்புகளை 2018இல் மத்திய அரசு, மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

பருத்தி அல்லாத பஞ்சு

பழைய மருந்துகள் பலிக்காதபோது புதிய வேதிப்பொருள் தேவை. பூஞ்சைக்கொல்லிகள் முதலில் கிடைத்தது நிலத்தில். பெனிசிலியம் இனப் பூஞ்சை ஒன்றிலிருந்து 1939இல் கிரிசியோஃபல்வின் கிடைத்தது. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு அமெரிக்கப் பெண் அறிவியலாளர்கள் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நிஸ்டாட்டினை 1950இல் அறிவித்தனர். அந்தத் தேடலின் தொடர்ச்சிதான் கடல்.

‘பஞ்சு’ என்றால் நம் ஊர்க் குழந்தைக்குப் பருத்திதான் நினைவுக்கு வரும். கடற்பஞ்சு ஒரு விலங்கு. ஒன்பதாம் வகுப்பு விலங்குலகப் பாடத்தில் துளையுடலிகள் என்று நடத்துகிறோமே, அதுதான். அதற்கு நரம்பில்லை, தசையில்லை. பாறையில் ஒட்டியபடி, உடலெங்கும் உள்ள துளைகள் வழியே நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. ஓடித் தப்ப முடியாத உயிர், எதிரிகளையும் கிருமிகளையும் வேதிப்பொருளால்தான் சமாளிக்க வேண்டும். அப்பொருள்களில் பலவற்றை உண்டாக்குபவை கடற்பஞ்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்.

இதற்காகத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி முதல் பாம்பன் வரையிலான மன்னார் வளைகுடா கடற்பஞ்சுகள் நிறைந்த கடல். வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் முத்துச்சிப்பிகளை ஆராய 1902இல் வந்த பேராசிரியர் ஹெர்ட்மேன் திரட்டிய கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி 1905இலேயே விவரித்து வெளியிட்டார்.

கடலிலிருந்து மருந்துக்கடை வரை

கடற்பஞ்சிலிருந்து மருந்து வருமா? வந்திருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் கரீபியன் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட பொருள்களை முன்மாதிரியாகக் கொண்டு உருவான சைட்டராபின், 1969 முதல் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது.

பூஞ்சைக்கான மருந்து மட்டும் இன்னும் வரவில்லை. ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து 1989இல் கண்டறிந்த தியோனெல்லமைடு, பூஞ்சைச் சவ்வின் எர்கோஸ்டீராலைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் அமைப்பில் அதை ஒத்த நம் கொலஸ்டிராலையும் அதனால் பற்ற முடியும். ஜாஸ்பமைடு என்ற மற்றொரு பொருளும் பூஞ்சையைக் கொல்கிறது. நம் செல்களையும் விடுவதில்லை. உறவுக்கார எதிரியை மட்டும் தாக்குவதன் சிரமம் இங்கும் தொடர்கிறது.

அளவும் ஒரு தடை. ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து ஹாலிகோண்ட்ரின் பி என்ற பொருள் 12.5 மில்லிகிராம் மட்டுமே கிடைத்தது. அதன் அமைப்பின் ஒரு பகுதியை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய பிறகே, எரிபுலின் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கடலைச் சுரண்டி மருந்து செய்ய முடியாது; கடல் உயிரிடமிருந்து அமைப்பைக் கற்றுக்கொள்ளலாம். கற்க வேண்டுமானால் அந்த உயிர் அங்கே இருக்க வேண்டும்.

நம் கையில் இருப்பது

எனவே ‘கடல் மருந்து’ என்று யாராவது ட்யூப் விற்றால் நம்ப வேண்டாம். இன்றைக்கு நாம் செய்யக்கூடியவை எளியவை.

• படை தெரிந்தால் குழந்தையைத் தனியே அழைத்துப் பேசுவோம். பெற்றோரை அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவோம். சிகிச்சை தொடங்கிய குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டியதில்லை.

• வீட்டில் போடும் ட்யூப்பைக் கொண்டுவரச் சொல்லி, மேலே சொன்ன ஸ்டீராய்டு பெயர்கள் உள்ளனவா எனப் பார்ப்போம். இருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்வோம்.

• அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும், வீட்டில் படை உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெற வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வோம்.

• ஆளுக்கொரு துண்டு, வெயிலில் நன்கு காய்ந்த உள்ளாடை, பிறர் சீப்பையும் தொப்பியையும் தொடாமை ஆகியவற்றைப் பழக்குவோம்.

• ஈர ரொட்டித் துண்டு ஒன்றையும் உலர்ந்த துண்டு ஒன்றையும் தனித்தனி நெகிழிப் பைகளில் மூடி ஒரு வாரம் வைத்து, பையைத் திறக்காமலே பார்க்கச் சொல்வோம். ஈரத்தில் பூஞ்சை எப்படி வளர்கிறது என்பது பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே புரிந்துவிடும்.

கடலில் தேடல் நடக்கட்டும். அதுவரை, தள்ளி உட்காரும் பிள்ளைகளைப் பழையபடி பக்கத்தில் உட்காரச் செய்வது நம்மால் முடியும்.