பறவைக்கு எல்லை இல்லை... படிப்புக்கு?



போன வருடம் கோவையில் ஒரு பேப்பர் பிரசன்டேஷனுக்கு என் பெயர் தேர்வானது. பஸ் செலவு, பதிவுக் கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்தேன். சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் அப்பா, "கடன் வாங்கித் தர்றேன், போய்ட்டு வாடா" என்றார். எனக்கு மனசு வரவில்லை. போகவில்லை. அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் கடற்பறவை ஆராய்ச்சியாளர்களைப் பற்றிப் படித்தேன். கடலே இல்லாத ஓசூர்க்காரனுக்குக் கடற்பறவை எதற்கு என்று சிரிக்காதீர்கள்!

அத்திப்பள்ளி வந்தால் நமக்கு மாநிலமே மாறிவிடுகிறது. ஆர்க்டிக் ஆலாவுக்கு எந்த எல்லையும் கிடையாது. கிரீன்லாந்தில் குஞ்சு பொரித்துவிட்டு அண்டார்டிகா பக்கம் வரை போய்த் திரும்புகிறது. 2010-ல் வெளிவந்த ஆய்வின்படி, வருடத்துக்குச் சராசரியாக 70,900 கிலோமீட்டர்!

எப்படி அளந்தார்கள்? பறவையின் காலில் 1.4 கிராம் எடையில் ஒரு கருவி. உள்ளே இருப்பதெல்லாம் நம் லேபில் பார்த்தவைதான்: லைட் சென்சார், கடிகாரம், மெமரி, பேட்டரி. பகல் எவ்வளவு நீளம் என்பதை வைத்து அட்சரேகை; நண்பகல் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை வைத்து தீர்க்கரேகை. இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களில் மட்டும் அட்சரேகைக் கணக்கு உதைக்கும். கருவி சிக்னல் அனுப்பாது. பறவையை மறுபடி பிடித்துக் கழற்றினால்தான் தகவல்.

இத்தனை கடல் தாண்டும் பறவையை ஒரு நாட்டுக்காரர் மட்டும் ஆராய முடியுமா? அதற்குத்தான் உலகக் கடற்பறவை மாநாடு. 2010-ல் கனடாவின் விக்டோரியா. 2015-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். விமான டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் என்ன செய்வது? அதே 2015-ல் ட்விட்டரிலேயே ஒரு கடற்பறவை மாநாடு நடந்தது. அப்போது ஒரு பதிவுக்கு 140 எழுத்துதான். அதற்குள் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் நடக்கவிருந்த 3-வது உலக மாநாடும் கொரோனாவால் தள்ளிப்போய், 2021 அக்டோபரில் ஆன்லைனில் நடந்தது.

நேரில் டீ குடித்தபடி பேசுகிற நெருக்கம் இதில் வராதுதான். ஆனால் வாசலிலேயே யாரையும் காசு கேட்டு நிறுத்தாமல் நடத்தலாமே!

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஓசூர், கிருஷ்ணகிரி பாலிடெக்னிக் மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து செல்போனிலேயே ஒரு மாநாடு நடத்துவோம். அவரவர் புராஜெக்ட், பத்தே வரி, தமிழில். முதல் பேப்பர் நான் தருகிறேன். கடன் வாங்க வேண்டியதில்லை. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்!

– மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு