மூங்கில் பாட்டு, உலோகக் குழல்

ஜப்பானில் புத்தாண்டுச் சமயம் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே இசைதான் காதில் விழும்: ‘ஹரு நோ உமி’. வசந்தகாலக் கடல் என்று பொருள். 13 தந்திகள் கொண்ட கோட்டோ சின்னச் சின்ன அலைகளை எழுப்ப, அதன் மேல் ஷாகுஹாச்சி என்கிற மூங்கில் குழல் மிதந்து போகும். நடுவில் வேகம் கூடுகிற இடத்தில் துடுப்புப் போடுவதுகூடக் கேட்கும்.

பிரெஞ்சுப் புல்லாங்குழல் மேதை ஜான் பியேர் ரம்பால், லில்லி லாஸ்கினின் ஹார்ப்போடு சேர்ந்து ஜப்பானிய மெட்டுகளை வாசித்த ஆல்பத்தில் இதுவும் இருக்கிறது. மெட்டுகளை இந்த இரண்டு வாத்தியங்களுக்குமாக மாற்றி எழுதியவர் யாஷிரோ அகியோ. பாரிஸில் இசை படித்த ஜப்பானியர்.

முதல்முறை கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எல்லாம் அழகாக இருந்தது, ரொம்பவே அழகாக. ஷாகுஹாச்சி அப்படி இருக்காது. ஒரு ஷாகு எட்டு சுன், அதாவது சுமார் 54.5 செ.மீ. அந்த அளவுதான் வாத்தியத்தின் பெயரே. ஐந்தே துளைகள். நேராகப் பிடித்து, சீவிவிட்ட மேல் விளிம்பில் ஊத வேண்டும். மோவாயைத் தாழ்த்தினால் சுருதி இறங்கும், தூக்கினால் ஏறும். தலையாட்டப் பழகவே மூன்று வருஷம் என்று ஷாகுஹாச்சி வாசிப்பவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. சுரத்தோடு காற்றின் இரைச்சலும் சேர்ந்தே வரும். அதை அவர்கள் குறையாக நினைப்பதில்லை. ரம்பாலின் உலோகக் குழலில் அந்த இரைச்சல் துடைத்து வைத்தாற்போல் காணாமல் போகிறது.

ஆனால் ‘பாரம்பரியம்’ என்று நாம் மூக்கால் அழுவதற்கு முன் இந்த மெட்டுகளின் வயதைப் பார்க்க வேண்டும். ‘சகுரா சகுரா’ பழசுதான். அதன் சுரங்களை அடுக்கினால் காந்தாரமும் நிஷாதமும் இல்லாமல் நம் கர்நாடக சுத்த சாவேரி வந்து நிற்கும். ஜப்பானிய இசை என்றதும் எவரும் முனகுகிற இன்னொரு பாட்டான ‘கோஜோ நோ ட்சுகி’யோ 1901-இல் வந்தது. கோட்டை மேல் நிலா. மெட்டுப் போட்ட டாக்கி ரென்டாரோ மேல்படிப்புக்கு ஜெர்மனியின் லைப்சிக் போனவர்; நோயோடு திரும்பி, 1903-இல் 23 வயதில் இறந்துபோனார். அவர் எழுதியபடி முதல் அடியின் முடிவில் ஒரு சுரம் அரைப்படி உயர்ந்திருக்கும். பின்னாளில் யமாடா கோசாகு அந்த உயர்வை எடுத்துவிட்டார். இன்று பலரும் பாடுவது இவர் திருத்தியதைத்தான். ‘அசல் ஜப்பான்’ வாசனை திருத்தத்தில் கூடியிருக்கிறது!

‘ஹரு நோ உமி’ இன்னும் இளசு, 1929. இயற்றிய மியாகி மிச்சியோ கோபேயில் பிறந்து, சிறுவயதிலேயே பார்வை இழந்த கோட்டோ கலைஞர். 1932-இல் ஜப்பான் வந்த பிரெஞ்சு வயலின் கலைஞர் ரெனே ஷெமே இதைக் கேட்டு மயங்கி, ஷாகுஹாச்சியின் பங்கைத் தன் வயலினுக்கு மாற்றி எழுதிக்கொண்டார். மியாகி கோபித்துக்கொள்ளவில்லை. கோட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு ஷெமேயோடு உட்கார்ந்து வாசித்தார். அது இசைத்தட்டாக வந்து கடல் தாண்டிப் போனது. ரம்பாலுக்கு அப்போது பத்து வயது.