மரக்கலத்தில் வந்த பெயர்

ஜேர்மனியில் மிகக் கூடுதலானோருக்கு இருக்கும் குடும்பப் பெயர் 'மியுல்லர்'. தானியம் அரைக்கும் ஆலைக்காரர் என்பது அதன் பொருள். 'ஷ்மிட்' என்றால் கொல்லர், 'ஷிஃபர்' என்றால் படகோட்டி. ஆலையில் மாவரைத்தவர் மௌத்தாகிப் பல நூறு வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய வழிவந்தவர்கள் வைத்தியராகவும் ஆசிரியராகவும் இருந்துகொண்டு இன்னும் அந்தப் பெயரையே எழுதுகிறார்கள். நம்மிடமும் அப்படியொரு பெயர் உண்டு: மரைக்கார்.

மரிக்கார், மாக்கார், மரைக்காயர் என்று ஊருக்கு ஊர் இதன் எழுத்து மாறும். மரக்கலம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அறபுச் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவோரும் உள்ளனர். எந்த வழியால் போனாலும் கப்பலில்தான் போய் ஏறுகிறோம்! சிங்களத்தில் முஸ்லிம்களை 'மரக்கல மினிஸ்ஸு' என்று சொல்லும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கள்ளிக்கோட்டை சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்கார்கள் போர்த்துக்கேயரை எதிர்த்துப் போரிட்டவர்கள். அவர்களுள் நான்காமவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியும் ஒரு மரைக்காயரே. அவர் கடல் வணிகர். இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமின் வாப்பா ஜெயினுலாப்தீன் மரைக்காயர் இராமேஸ்வரத்தில் சொந்தமாகப் படகு வைத்திருந்தவர். இவர்களிடம் பெயரும் தொழிலும் ஒன்றாகவே இருந்தன.

பிறகு தொழில் போய்விட்டது, பெயர் நின்றது. 1931இல் மட்டக்களப்புத் தெற்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி அமைச்சரான சேர் முகம்மது மாக்கான் மாக்காரின் குடும்பம் இரத்தினக்கல் வியாபாரத்தில் பெயர்பெற்றது.

தொழில் மனிதரின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொள்வதில்லை. நான் இருக்கும் பனிச்சங்கேணியின் பெயரில் ஒரு கேணியும் பனிச்சை மரமும் இருக்கின்றன. பனிச்சங்காயின் துவர்ப்பான சாறு, நைலோன் வலை வருவதற்கு முன்னர் வலை உக்காமல் இருக்கப் பூசப்பட்டது, தோணிக்கும் பூசினார்கள். இன்று வாவியில் வலை வீசும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் காயைத் தெரியும்?

கிழக்கிலங்கையில் மரைக்கார் என்ற சொல் வேறொரு திசையில் போனது. இங்கே அது பரம்பரைப் பெயராக இருந்ததைவிடப் பள்ளிவாசல் பதவியாகவே பெரிதும் விளங்கியது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதி முஸ்லிம்கள் பல குடிகளாகப் பிரிந்துள்ளனர். ஓடாவி குடி, லெப்பை குடி போன்றவற்றில் தொழிலின் வாசனை அப்படியே இருக்கிறது. ஓடாவி என்பவர் மரவேலை செய்பவர். லெப்பை மார்க்கக் கடமைகளை நடத்துபவர். ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் என்ற கணக்கில் அவர்கள் கூடிப் பள்ளிவாசலை நிர்வகித்தார்கள். ஊர்ப் பிணக்குகளையும் தீர்த்துவைத்தார்கள். கடலோடியின் பெயர் கரைக்கு வந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர் சபைகள் வந்த பின்னரும் சில ஊர்களில் அவர்களை மரைக்கார்மார் என்றே அழைக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், குடி தாய்வழியில் வருவது. மரைக்காராக இருப்பது ஆண்தான். ஆனால் அவர் எந்தக் குடியின் மரைக்கார் என்பதைத் தீர்மானிப்பது அவருடைய உம்மா. ஒரே குடிக்குள் கலியாணம் பேசுவதில்லை என்பதால், மரைக்காரின் மகனுக்கு வாப்பாவின் குடி கிடைக்காது. அவருடைய தங்கச்சியின் மகனுக்குக் கிடைக்கும். ஜேர்மன் மியுல்லரின் பெயர் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. நம்முடைய குடி உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகிறது.

ஆனால் பிறப்புச் சான்றிதழில் குடிக்கு இடமில்லை. பாடசாலை இடாப்பிலும் வாப்பாவின் பெயர்தான் முன்னெழுத்தாக நிற்கிறது. என் வயதுப் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் குடி தெரியாது. கலியாணம் பேசும்போது மட்டும் பெரியவர்கள் மெதுவாக விசாரிப்பார்கள். குடி பார்ப்பதால் ஏற்றத்தாழ்வு வரும், அது தேவையில்லை என்று சொல்வோரும் உள்ளனர். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. பெருமை பேசுவதற்காக அல்லாமல் வரலாறாகவாவது அதை எழுதிவைக்கலாம் என்பது என் எண்ணம். நம் ஊர்ப் பெண்களின் வழியைக் காட்டும் வேறு பதிவு நம்மிடம் என்ன இருக்கிறது?

உம்மம்மாவிடம் கேட்டு, என்னிலிருந்து மேலே நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். ஐந்தாமவரை எல்லோரும் 'மூத்தம்மா' என்றே கூப்பிட்டார்களாம். அவருடைய பெயர் உம்மம்மாவுக்கும் தெரியாது.